துருவ ஒளிக்கு நாள் குறிப்பது எப்படி?

2024 மே 10-ஆம் தேதி இரவு லடாக்கின் ஹான்லே பகுதியில் வானம் சிவந்தது. வழக்கமாகத் துருவங்களை ஒட்டிய இரவு வானில் மட்டும் தோன்றும் துருவ ஒளிதான் அது. அங்கிருக்கும் இந்திய வானியல் ஆய்வகத்தின் கேமராக்கள் அதைப் படம்பிடித்தன. மறுநாளே அந்தப் படங்கள் கைப்பேசிக்குக் கைப்பேசி பறந்தன. அன்றிலிருந்து மதுரையிலும் இதைப் பற்றிக் கேட்பவர்கள் கூடிவிட்டார்கள். "கொடைக்கானல் மேல ஏறிப் பார்த்தா தெரியுமா?" என்கிறார் ஒருவர். "டிசம்பர்ல நார்வே போனா கட்டாயம் பார்த்துடலாம்ல?" என்கிறார் இன்னொருவர். "கேபி எண் ஏழு வந்தாத்தான் கிளம்பணுமாமே?" என்று, பூமியின் காந்தப்புலம் எவ்வளவு கலங்கியது என்பதைக் காட்டும் எண்ணைப் பற்றிக் கேட்பவரும் உண்டு.

மூன்றுக்குமே பதில் 'இல்லை' என்பதுதான். ஆனால் வெறுமனே இல்லை என்று சொன்னால் யாருக்கும் உதவாது. வாழ்நாள் ஆசையாக நினைத்து, சேமித்த பணத்தைப் போட்டு, அவ்வளவு தூரம் போய், நான்கு நாளும் மேகத்தை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்புகிறவர்கள் இருக்கிறார்கள். அதில் பாதி அதிர்ஷ்டம்தான், மறுக்கவில்லை. மீதிப் பாதியைத் திட்டமிட்டுச் சரிசெய்ய முடியும்.

துருவ ஒளி கண்ணில் பட மூன்று விஷயங்கள் ஒரே இரவில் கூடிவர வேண்டும். சூரியனிலிருந்து சரியான தாக்கம் வர வேண்டும், வானம் இருட்டாக இருக்க வேண்டும், மேகம் இருக்கக் கூடாது. இருட்டு எப்போது என்பது பல வருடங்களுக்கு முன்பே தெரியும். மேகம் எப்படி இருக்கும் என்பது இரண்டு மூன்று நாள் முன்பு தெரியும். சூரியன் அனுப்பியது நம்மை என்ன செய்யும் என்பது உறுதியாகத் தெரிவது ஏறக்குறைய ஒரு மணி நேரத்துக்கு முன்புதான். எந்த முடிவை எப்போது எடுக்க முடியுமோ, அப்போது அதை எடுக்க வேண்டும். ஆறு மாதத்துக்கு முன்பே தெரிய வாய்ப்பில்லாத ஒன்றை அப்போதே கேட்பதில்தான் பலருடைய குழப்பம் தொடங்குகிறது.

வைகை அணையும் சூரியனும்

வைகை அணையின் முழுக் கொள்ளளவு 71 அடி. நீர்மட்டம் 66 அடியைத் தொட்டதும் கரையோர மக்களுக்கு முதல் வெள்ள அபாய எச்சரிக்கை விடுவார்கள். 68.5 அடியில் இரண்டாவது, 69 அடியில் மூன்றாவது. அப்புறம் அணைக்கு வரும் உபரி நீர் அப்படியே ஆற்றில் திறந்துவிடப்படும். ஆண்டிபட்டிப் பக்கம் திறந்த தண்ணீர் மதுரையைத் தொட நேரமாகும். எத்தனை மணிக்கு வரும், எவ்வளவு வரும் என்று அணையில் நின்றுகொண்டு துல்லியமாகச் சொல்ல முடியாது. வழியில் மணல் எவ்வளவு குடிக்கிறது, மதுரைக்கு முன்னால் ஆற்றின் குறுக்கே இருக்கும் பேரணையில் ஷட்டர் எப்படி இருக்கிறது என்பதையெல்லாம் பொறுத்தது அது. பேரணையைத் தண்ணீர் தாண்டிவிட்டது என்று தகவல் வந்தால்தான் நமக்கு ஓர் உறுதி கிடைக்கும்.

இதை அப்படியே வானத்துக்குக் கொண்டுபோகலாம். அணை இருக்கும் இடத்தில் சூரியன். அதிலிருந்து மின்னூட்டம் பெற்ற துகள்கள் எந்நேரமும் எல்லாத் திசையிலும் வெளியே ஓடிக்கொண்டே இருக்கின்றன. இந்த ஓட்டத்துக்குச் சூரியக் காற்று என்று பெயர். வழக்கமாக வினாடிக்கு 400 கிலோமீட்டர் வேகத்தில் வரும். சில சமயம் 800 வரை போகும். சூரியனுக்கும் நமக்கும் இடையே சுமார் 15 கோடி கிலோமீட்டர் தூரம் என்பதால், வந்து சேர இரண்டு முதல் நான்கு நாள் ஆகும்.

அணையில் உபரி நீரைத் திடீரென்று திறப்பதுபோல, சூரியனும் சில நேரம் தன் வெளி அடுக்கிலிருந்து கோடிக்கணக்கான டன் பொருளை ஒரே மூச்சில் வீசி எறியும். இதைச் சூரிய உமிழ்வு என்று இந்தக் கட்டுரையில் சொல்கிறேன். மிக வேகமான உமிழ்வு ஒரு நாளுக்குள்ளேயே பூமியை எட்டிவிடும். பெரும்பாலும் சூரியப் புள்ளிகள் கூட்டமாக இருக்கும் இடங்களிலிருந்துதான் இவை கிளம்புகின்றன. சூரியப் புள்ளி என்பது சூரியனின் முகத்தில் காந்தப்புலம் மிக வலுவாக இருப்பதால் சுற்றுப்புறத்தைவிடக் கொஞ்சம் குளிர்ந்து, கறுப்பாகத் தெரியும் இடம்.

இந்தப் புள்ளிகளைக் கவனிக்கும் வேலை நம் பக்கத்திலேயே நடக்கிறது என்பதைச் சொல்லாமல் விட மனமில்லை. தாது வருடப் பஞ்சத்துக்குப் பிறகு, பருவமழையைப் புரிந்துகொள்ளச் சூரியனையும் ஆராய வேண்டும் என்ற எண்ணம் அன்றைய அரசுக்கு வந்தது. அந்த எண்ணம் கடைசியில் 1899-இல் கொடைக்கானல் சூரிய ஆய்வகமாக நிறைவேறியது. நூறு ஆண்டுகளுக்கும் மேலாக அங்கே சூரியனைப் படம்பிடித்து வைத்திருக்கிறார்கள். சூரியப் புள்ளிக்குள் வாயு புள்ளியின் நடுவிலிருந்து வெளிப்புறமாக ஓடுகிறது என்பதை ஜான் எவர்ஷெட் என்ற வானியலாளர் 1909-இல் கண்டுபிடித்ததும் அங்கேதான். கொடைக்கானலில் நின்று துருவ ஒளியைப் பார்க்க முடியாது. அதற்கு மூலமான இடத்தைப் பார்க்கலாம்.

சரி, பேரணை எது? பூமியிலிருந்து சூரியனை நோக்கி 15 லட்சம் கிலோமீட்டர் தொலைவில் எல்-1 என்றொரு இடம் இருக்கிறது. சூரியனின் ஈர்ப்பும் பூமியின் ஈர்ப்பும் சேர்ந்து செயல்படுவதால், அங்கே நிறுத்திய செயற்கைக்கோள் பூமியோடு சேர்ந்தே சூரியனைச் சுற்றிவரும். சூரியக் காற்று நம்மை அடையும் முன் அங்கே இருக்கும் செயற்கைக்கோள்களைக் கடந்துதான் வர வேண்டும். அமெரிக்காவின் ஏஸ், டிஸ்கவர் ஆகியவை அந்தக் காற்றை அங்கேயே அளந்து சொல்ல அனுப்பப்பட்டவை. நம் ஆதித்யா-எல்1 விண்கலமும் 2024 ஜனவரி 6 முதல் அங்கே சுற்றிவருகிறது. அது ஏவப்பட்டபோது திட்ட இயக்குநராக இருந்த நிகர் ஷாஜி செங்கோட்டைக்காரர். மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் பொறியியல் பட்டம் பெற்றவர்.

எல்-1 இடத்தைக் கடந்த சூரியக் காற்று பூமிக்கு வர, வேகத்தைப் பொறுத்து அரை மணி முதல் ஒரு மணி நேரம் ஆகும். மேலே நான் சொன்ன 'ஒரு மணி நேரத்துக்கு முன்பு' இதுதான்.

ஷட்டர் எந்தப் பக்கம் திறந்திருக்கிறது?

தண்ணீர் வந்தால் மட்டும் போதாது. வாய்க்காலுக்குள் பாய ஷட்டர் திறந்திருக்க வேண்டும். இங்கே அந்த ஷட்டர் ஒரு காந்தத் திசை.

பூமிக்கு ஒரு காந்தப்புலம் இருப்பது பள்ளிப் பாடம். திசைகாட்டி வேலை செய்வது அதனால்தான். விண்வெளிக்குள் வெகுதூரம் பரவியிருக்கும் இந்தப் புலம், சூரியக் காற்றின் பெரும்பகுதியை ஓரமாகத் திருப்பிவிட்டு நம்மைக் காக்கிறது. சூரியக் காற்றும் வெறும் கையோடு வருவதில்லை. சூரியனின் காந்தப்புலத்தில் ஒரு பங்கைத் தன்னோடு இழுத்துக்கொண்டு வருகிறது. அந்தக் காந்தப்புலம் வடக்கு நோக்கி இருக்கிறதா, தெற்கு நோக்கியா என்பதைக் காட்டும் அளவுக்கு பி-இசட் என்று பெயர். வடக்கு என்றால் கூட்டல் எண், தெற்கு என்றால் கழித்தல் எண்.

பி-இசட் தெற்கு நோக்கி இருந்தால், பூமியின் புலத்துக்கு அது எதிர்த்திசை. எதிரெதிர்ப் புலங்கள் சந்திக்கும்போது அவற்றின் கோடுகள் அறுந்து ஒன்றோடொன்று இணைகின்றன. கதவு திறந்துவிட்டது என்று பொருள். வடக்கு நோக்கி இருந்தால், சூரியக் காற்று எவ்வளவு வேகமாக வந்தாலும் பெரும்பாலும் ஓரமாகக் கடந்து போய்விடும். சூரியனில் பெரிய வெடிப்பு நடந்தது என்று செய்தி வந்த இரவில், துருவத்தில் ஒன்றுமே தெரியாமல் போவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். வந்துகொண்டிருக்கும் உமிழ்வின் பி-இசட் எப்படி இருக்கும் என்று சூரியனைப் பார்த்து நம்பிச் சொல்ல இன்றைக்கும் வழியில்லை. எல்-1 செயற்கைக்கோளைத் தொடும்போதுதான் தெரியும்.

வைகை ஒப்புமை இதுவரைதான் தாங்கும். ஏனென்றால் கதவு திறந்ததும் துகள்கள் சூரியனிலிருந்து நேராகத் துருவத்தில் வந்து கொட்டுவதில்லை. பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள், பாடப்படங்களும் பல சமயம் அப்படித்தான் காட்டுகின்றன. உண்மையில் இணைந்த காந்தக் கோடுகள் பூமியைத் தாண்டி இரவுப் பக்கம் இழுத்துச் செல்லப்படுகின்றன. அங்கே பூமியின் காந்தப்புலம் ஒரு நீண்ட வால்போல நீண்டிருக்கிறது. அந்த வாலில் ஆற்றல் சேர்ந்துகொண்டே போகும். ஒரு கட்டத்தில் வாலில் உள்ள கோடுகள் அறுந்து மறுபடி இணையும். அப்போது விடுபடும் ஆற்றல் எலக்ட்ரான்களை முடுக்கி, காந்தக் கோடுகளின் வழியே பூமியை நோக்கி விரட்டுகிறது.

அந்த எலக்ட்ரான்கள் வளிமண்டலத்தின் உச்சியில் ஆக்சிஜன், நைட்ரஜன் மீது மோதுகின்றன. மோதலில் ஆற்றல் பெற்ற அணு, அதை ஒளியாக வெளியே விடுகிறது. 100 முதல் 150 கிலோமீட்டர் உயரத்தில் ஆக்சிஜன் தருவது பச்சை. 200 கிலோமீட்டருக்கு மேலே அதே ஆக்சிஜன் தருவது சிவப்பு. கீழ் விளிம்பில் சில சமயம் தெரியும் ஊதாவும் இளஞ்சிவப்பும் நைட்ரஜனின் வேலை.

குளிருக்கும் இந்த ஒளிக்கும் சம்பந்தமே இல்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிடலாம். பனிப்பாறையில் வெளிச்சம் பட்டுத் திரும்புவதும் இல்லை. இது நடக்கும் உயரத்தில் பனியும் கிடையாது, மேகமும் கிடையாது.

இதுவரை பார்த்தது இவ்வளவுதான்: சூரியக் காற்று எப்போதும் வந்துகொண்டிருக்கிறது, சில நாள் வெள்ளமாக வருகிறது. அது கொண்டுவரும் காந்தப்புலம் தெற்கு நோக்கி இருந்தால் பூமியின் கதவு திறக்கிறது. ஆற்றல் இரவுப் பக்க வாலில் சேர்ந்து, விடுபட்டு, எலக்ட்ரான்களை வளிமண்டலத்தில் மோதவிடுகிறது. அந்த மோதலின் ஒளியைத்தான் நாம் பார்க்கிறோம்.

மதுரையில் ஏன் தெரியாது?

அந்த எலக்ட்ரான்கள் இறங்கும் இடம், பூமியின் காந்தத் துருவத்தைச் சுற்றி ஒரு வளையமாக அமைகிறது. இதுதான் துருவ ஒளி வளையம். சாதாரண நாளில் நார்வேயின் வடக்கு முனை, ஐஸ்லாந்து, கனடாவின் வடக்கு, அலாஸ்கா ஆகியவற்றின் மேலாக இந்த வளையம் போகும். காந்தப் புயல் வந்தால், அதாவது பூமியின் காந்தப்புலம் பலமாகக் கலங்கும் நாள்களில், வளையம் பருத்து தெற்கே இறங்கும்.

மதுரையோ அந்த வளையத்திலிருந்து ஏறத்தாழ 7000 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறது. இன்னும் குறிப்பாகச் சொன்னால், பூமியின் காந்த நடுக்கோடு திருநெல்வேலிக்கு அருகே போகிறது. அங்கே தடையில்லாமல் தொங்கவிட்ட காந்த ஊசி தரைக்குச் சமமாகப் படுத்துக்கிடக்கும். நார்வேயின் ட்ரோம்சோவில் அதே ஊசி கிட்டத்தட்டச் செங்குத்தாகத் தரையைக் குத்தி நிற்கும். எலக்ட்ரான்கள் அந்த ஊசி காட்டும் கோட்டின் வழியேதான் இறங்கும் என்பதால், நம் தலைக்கு மேலே இறங்க அவற்றுக்கு வழியே இல்லை. காந்த நடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருப்பதால்தான் திருநெல்வேலி அருகே கிருஷ்ணாபுரத்தில் இந்தியப் புவிக்காந்தவியல் நிறுவனம் ஓர் ஆய்வகம் வைத்திருக்கிறது. காந்தவியல் ஆய்வுக்கு நம் மண் அருமையான இடம். துருவ ஒளிக்கு உலகிலேயே மிகத் தள்ளியிருக்கும் இடங்களில் ஒன்று.

அப்படியானால் ஹான்லேயில் எப்படித் தெரிந்தது? 2024 மே மாதம் வந்தது ஐந்து படிகள் கொண்ட அளவுகோலில் உச்சமான ஐந்தாம் படிக் காந்தப் புயல். அதற்கு முன் அந்த அளவு வந்தது 2003 அக்டோபரில். ஹான்லேயில் பதிவானது சிவப்பு. சிவப்பு மிக உயரத்தில் உண்டாவதால், 400 கிலோமீட்டர் உயரத்தில் எரியும் ஒளி 2000 கிலோமீட்டருக்கு அப்பால் இருப்பவருக்கும் அடிவானத்தில் தெரியும். ஹான்லே மதுரையைவிட 2500 கிலோமீட்டர் வடக்கே இருக்கிறது. ஆகவே ஹான்லேயில் தெரிந்தது என்பதை வைத்துக் கொடைக்கானலில் எதிர்பார்க்க முடியாது. மலையேறிக் கூடுதலாகக் கிடைக்கும் 2 கிலோமீட்டர் உயரத்தால் இந்தக் கணக்கில் எந்த மாற்றமும் வராது. 1859 செப்டம்பரில் வந்த பெரும் புயலில் கியூபா வரை ஒளி தெரிந்தது, பம்பாய் கொலாபா ஆய்வகத்தின் காந்தமானி பெரிய வீழ்ச்சியைப் பதிவு செய்தது. அப்படியொன்று எப்போது வரும் என்று யாராலும் நாள் குறிக்க முடியாது. அதை நம்பி லடாக்குக்குப் பயணச்சீட்டு எடுக்க நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். லடாக்கைப் பார்க்கப் போங்கள், அதற்கு ஆயிரம் காரணம் இருக்கிறது.

எந்த ஊருக்குப் போவது?

வளையத்துக்குக் கீழே போய் நிற்பதுதான் முதல் முடிவு. இதை ஆறு மாதம், ஒரு வருடம் முன்பே எடுக்கலாம், ஏனென்றால் வளையம் இருக்கும் இடம் பெரிதாக மாறப்போவதில்லை.

இங்கே இரண்டு தவறான எண்ணங்கள் உண்டு. வடக்கே போகப் போக நன்றாகத் தெரியும் என்பது ஒன்று. வளையத்துக்கு நடுவில் ஓட்டை இருக்கிறது. நார்வேயின் ஸ்வால்பார்டு தீவுகள் 78 டிகிரி வட அட்சரேகையில் இருப்பதால், இரவு நேரத்தில் பெரும்பாலும் அந்த ஓட்டைக்குள் மாட்டிக்கொள்ளும். இந்தியாவின் ஹிமாத்ரி ஆய்வு நிலையம் 2008 முதல் அங்கேதான் இருக்கிறது. பகலிலும் இருட்டாக இருக்கும் குளிர்காலத்தில், நண்பகல் வேளைத் துருவ ஒளியை ஆராய அது அரிய இடம். முதல்முறை பார்க்கப் போகும் நமக்கு அது பொருந்தாது.

வரைபடத்தில் அட்சரேகை ஒன்றாக இருந்தால் ஒளியும் ஒன்றாகத் தெரியும் என்பது இரண்டாவது. வளையம் சுற்றுவது காந்தத் துருவத்தை. அது கனடா பக்கம் சாய்ந்திருக்கிறது. கனடாவின் யெல்லோநைஃபும் ரஷ்யாவின் யாகூட்ஸ்கும் ஏறத்தாழ ஒரே அட்சரேகைதான், இரண்டுமே 62 டிகிரி. யெல்லோநைஃபில் வளையம் தலைக்கு மேலே இருக்கும். யாகூட்ஸ்கில் வெகு வடக்கே ஒதுங்கிவிடும்.

வளையத்துக்குக் கீழே இருக்கும் ஊர்களுக்குள் எதைத் தேர்ந்தெடுப்பது என்பதை மேகம்தான் தீர்மானிக்க வேண்டும். என் கணிப்பில் இதுதான் மற்ற எல்லாவற்றையும்விட முக்கியம், ஆனால் விளம்பரங்களில் மிகக் குறைவாகப் பேசப்படுவதும் இதுதான்.

ட்ரோம்சோ 69.6 டிகிரியில் இருந்தும் வெதுவெதுப்பான கடல் நீரோட்டத்தால் அவ்வளவு குளிராது. தமிழ்நாட்டிலிருந்து போகிறவர்களுக்கு அது பெரிய ஆறுதல். ஆனால் அதே கடல் மேகத்தையும் கொண்டுவரும். அங்குள்ள வழிகாட்டிகள் மேகம் இருந்தால் வண்டியை எடுத்துக்கொண்டு உள்நாட்டுப் பக்கம், சில இரவுகள் பின்லாந்து எல்லை வரைகூட ஓட்டுவார்கள். அங்கே போகிறவர் ஊருக்குள் நின்று பார்க்கும் எண்ணத்தோடு போகாமல், நகர்வதற்கும் சேர்த்துப் பணம் ஒதுக்க வேண்டும்.

சுவீடனின் அபிஸ்கோ மலைகளுக்குக் கிழக்கே மழை மறைவில் இருக்கிறது. கடலிலிருந்து வரும் ஈரத்தை மலை தடுத்துவிடுவதால் அந்நாட்டிலேயே மிக வறண்ட இடங்களில் ஒன்று. மேற்குத் தொடர்ச்சி மலை மறிப்பதால் தென்மேற்குப் பருவமழை மதுரையில் மெலிந்துபோவதும் இதே காரணத்தால்தான். யெல்லோநைஃபும் அலாஸ்காவின் ஃபேர்பேங்க்ஸும் கடலிலிருந்து தள்ளி, நிலத்துக்குள் இருப்பவை. குளிர்காலத்தில் தெளிந்த வானம் கிடைக்கும், விலையாகக் கடுங்குளிரைத் தாங்க வேண்டும். மைனஸ் 30 டிகிரி அங்கே புதிதல்ல. ஐஸ்லாந்து முழுவதுமே வளையத்தின் கீழ் வருகிறது, ஆனால் வானிலை மணிக்கு மணி மாறும். மற்ற இயற்கைக் காட்சிகளுக்காகவும் போகிறீர்கள் என்றால் ஐஸ்லாந்து நல்ல தேர்வு. ஒளி மட்டுமே நோக்கம் என்றால் நான் அபிஸ்கோவை முதலில் வைப்பேன்.

எந்த மாதம்?

ட்ரோம்சோவில் மே மூன்றாம் வாரத்திலிருந்து ஜூலை மூன்றாம் வாரம் வரை சூரியன் மறைவதே இல்லை. அந்த நாள்களிலும் மேலே துருவ ஒளி எரியலாம். வெளிச்சத்தில் நமக்குத் தெரியாது. நம் பள்ளிகளின் கோடை விடுமுறைக்கு ஏற்ப மே மாதம் திட்டமிடுகிறவர்கள் இதைக் கட்டாயம் மனத்தில் வைக்க வேண்டும். ஆகஸ்ட் கடைசி முதல் ஏப்ரல் தொடக்கம் வரைதான் வடக்கு ஐரோப்பாவில் பார்க்கத்தக்க இருட்டு கிடைக்கும்.

டிசம்பரில் இரவு மிக நீளம் என்பது உண்மை. நவம்பர் கடைசியிலிருந்து ஜனவரி நடுப்பகுதி வரை ட்ரோம்சோவில் சூரியன் உதிப்பதே இல்லை. இருட்டு அதிகம் என்பதால் காத்திருக்கும் நேரமும் அதிகம். ஆனால் டிசம்பரில் ஒளி தானாகவே வலுவாக வரும் என்பது தவறு. இரவும் பகலும் சமமாக இருக்கும் மார்ச், செப்டம்பர் மாதங்களை ஒட்டித்தான் காந்தப் புயல்கள் அதிகம். அப்போது பூமியின் சாய்வு சூரியக் காற்றுக்கு அமையும் விதத்தால், அதன் காந்தப்புலம் நம் புலத்துக்கு எதிராகத் திரும்பும் வாய்ப்பு கூடுகிறது. எனவே முதல்முறை போகிறவர்களுக்கு நான் பிப்ரவரி கடைசி முதல் மார்ச் முடிய என்று சொல்வேன். இரவில் போதுமான இருட்டு இருக்கும், பகலில் ஊர் சுற்ற வெளிச்சமும் இருக்கும். பனியே வேண்டாம் என்பவர்களுக்குச் செப்டம்பர்.

முழுநிலவைப் பற்றியும் கேட்பார்கள். மங்கலான ஒளியை நிலவு விழுங்கிவிடும், வலுவானதை ஒன்றும் செய்யாது. முடிந்தால் முழுநிலவு வாரத்தைத் தவிர்க்கலாம், அதற்காகப் பயணத்தையே மாற்ற வேண்டியதில்லை.

இன்னொரு பயமும் பரவியிருக்கிறது. சூரியப் புள்ளிகள் சுமார் 11 ஆண்டுகளுக்கு ஒருமுறை கூடிக் குறையும். இப்போதைய சுற்று 2019 டிசம்பரில் தொடங்கியது. அது உச்சக்கட்டத்தை எட்டிவிட்டதாக 2024 அக்டோபரில் நாசா அறிவித்தது. "உச்சம் முடிஞ்சா அவ்வளவுதானே, இனி போய் என்ன பயன்?" என்கிறார்கள். உச்சம் கழிந்து இறங்கும் ஆண்டுகளிலும் பெரிய புயல்கள் வரும். 2003 அக்டோபர்ப் புயல் அப்படி இறங்குமுகத்தில் வந்ததுதான். தவிர, வளையத்துக்கு நேர் கீழே நிற்பவருக்குச் சாதாரணச் சூரியக் காற்றே போதும். சூரியன் மிக அமைதியாக இருக்கும் ஆண்டுகளிலும் அபிஸ்கோவில் ஒளி தெரிகிறது.

சுருக்கினால்: ஊரையும் மாதத்தையும் பல மாதம் முன்பே முடிவு செய்யலாம். அதற்கு வளையம், இருட்டு, அந்த ஊரின் வழக்கமான மேகம் ஆகிய மூன்றும் போதும். சூரியனை இந்தக் கட்டத்தில் பார்க்க வேண்டியதே இல்லை.

எத்தனை இரவு, என்ன செலவு?

ஒரு பேச்சுக்கு, நல்ல ஊரில் நல்ல மாதத்தில் ஓர் இரவில் ஒளி தெரியும் வாய்ப்பு 40 விழுக்காடு என்று வைப்போம். ஓர் இரவு மட்டும் தங்கினால் தோற்க வாய்ப்பு அதிகம். மூன்று இரவு தங்கினால், ஒரு முறையாவது பார்க்கும் வாய்ப்பு 78 விழுக்காடு ஆகிறது. ஐந்து இரவு என்றால் 92. எட்டு நாளில் நான்கு நாடு சுற்றிக்காட்டி, நடுவில் துருவ ஒளிக்கு ஓர் இரவு ஒதுக்கும் சுற்றுலாத் திட்டங்களை நான் பரிந்துரைக்காததற்கு இந்தக் கணக்கே காரணம். ஒரே ஊரில் நான்கைந்து இரவு தங்குவது நல்லது.

நார்வே, சுவீடன், பின்லாந்து, ஐஸ்லாந்து நான்குக்கும் ஷெங்கன் விசா ஒன்றே போதும். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிலிருந்து விண்ணப்பிக்கலாம். விரல் ரேகை கொடுக்கச் சென்னை போன்ற பெருநகர மையத்துக்கு நேரில் போக வேண்டும், 30,000 யூரோ மதிப்புள்ள மருத்துவக் காப்பீடும் வேண்டும். கடைசி நேரத்தில் சூரியனைப் பார்த்துவிட்டுக் கிளம்பும் வசதி மதுரைக்காரருக்கு இல்லை. அதனால்தான் இரவுகளின் எண்ணிக்கையைக் கூட்டுவது நமக்கு இன்னும் முக்கியம்.

கேபி எண் சொல்வதும் சொல்லாததும்

துருவ ஒளிச் செயலியைத் திறந்தால் முதலில் கண்ணில் படுவது கேபி எண். பூமி முழுவதும் காந்தப்புலம் எவ்வளவு கலங்கியது என்பதை மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை 0 முதல் 9 வரை மதிப்பிடும் அளவு இது. உலகின் 13 காந்த ஆய்வகங்களின் பதிவுகளிலிருந்து கணக்கிடுகிறார்கள். ஐந்தைத் தொட்டால் காந்தப் புயல்.

இந்த எண் வளையம் எவ்வளவு தெற்கே இறங்கியிருக்கிறது என்பதைத்தான் முக்கியமாகச் சொல்கிறது. ஸ்காட்லாந்திலோ ஜெர்மனியிலோ வீட்டு மாடியில் நின்று பார்க்க நினைப்பவருக்கு ஆறா ஏழா என்பது பெரிய விஷயம். ட்ரோம்சோவில் நிற்பவருக்குக் கேபி 1, 2 இருந்தாலே ஒளி தெரியும். செயலியில் 2 என்று பார்த்துவிட்டு அறையில் போர்த்திக்கொண்டு தூங்கியவர்கள் நல்ல காட்சியைத் தவறவிட்டிருக்கிறார்கள்.

மூன்று மணி நேரம் முழுவதற்கும் ஒரே எண் என்பதையும் மறக்கக் கூடாது. துருவ ஒளியின் உச்சக்கட்டம் சில நிமிடங்களில் வந்து போய்விடும். மூன்று நாளுக்கு முந்தைய கணிப்பும் தவறலாம், இரு பக்கமும் தவறலாம். 2024 மே புயலுக்கு அமெரிக்க விண்வெளி வானிலை மையம் நான்காம் படி எச்சரிக்கைதான் கொடுத்தது, வந்தது ஐந்து. 27 நாள் முன்கணிப்பு என்று ஒன்றும் வெளியாகிறது. பூமியிலிருந்து பார்க்க, சூரியன் ஏறக்குறைய 27 நாளில் ஒரு சுற்று சுழலும். வேகமான காற்றை வீசும் பகுதி மறுபடி நம் பக்கம் திரும்பும் நாளை வைத்து அதைச் சொல்கிறார்கள். ஒரு குத்துமதிப்புக்குச் சரி, அதை நம்பி விமானச்சீட்டை மாற்றக் கூடாது.

அங்கே போன பிறகு

இரண்டு நாள் முன்பிலிருந்தே மேக வரைபடத்தைப் பார்க்கத் தொடங்குங்கள். மேகம் அதிகபட்சம் 10, 12 கிலோமீட்டர் உயரத்தில் முடிந்துவிடும். ஒளி 100 கிலோமீட்டருக்கு மேல். ஆகவே மேகம் மூடினால் மேலே எவ்வளவு பெரிய ஒளி எரிந்தாலும் பயனில்லை. எந்தத் திசையில் வானம் திறக்கிறது என்று பார்த்து, அந்தப் பக்கம் போகும் வழிகாட்டியைப் பிடிப்பதுதான் அந்த நாளின் முதல் வேலை.

மாலையில் எல்-1 செயற்கைக்கோள் தகவலைப் பாருங்கள். பார்க்க வேண்டியது இரண்டே எண்கள்: சூரியக் காற்றின் வேகம், பி-இசட். வேகம் 500-க்கு மேல், பி-இசட் மைனஸ் 5-க்குக் கீழே அரை மணி நேரமாவது நிலைத்து நின்றால் உடனே உடுத்திக்கொண்டு வெளியே போய்விட வேண்டும். வடக்கு நோக்கி இருந்தாலும் மனம் தளர வேண்டாம், சில மணி நேரத்தில் திரும்பக்கூடியது அது. பொதுவாக இரவு 10 மணியிலிருந்து 2 மணி வரை வாய்ப்பு அதிகம்.

கண்ணில் முதலில் படுவது படங்களில் பார்த்த பச்சையாக இருக்காது. மங்கிய வெளிச்சத்தில் நம் கண்ணுக்கு நிறம் பிரிக்கும் திறன் குறைவு. வடக்கு வானத்தில் சாம்பல் வெள்ளையாக ஒரு வில், மெல்லிய மேகம்போலத் தெரியும். பலர் அதை மேகம் என்று நினைத்துத் திரும்பிவிடுகிறார்கள். கைப்பேசி கேமராவை இரவு நிலையில் வைத்து ஒரு படம் எடுத்துப் பாருங்கள். பச்சை விழுந்தால் அது மேகமில்லை. ஒளி வலுக்கும்போது வெறும் கண்ணுக்கே பச்சை தெரியும், அசைவும் தெரியும். கைப்பேசியைச் சட்டைக்குள் உடம்போடு வையுங்கள், குளிரில் பேட்டரி சட்டென்று தீர்ந்துவிடும்.

அந்த அமைதியான வில், வாலில் ஆற்றல் சேர்ந்துகொண்டிருக்கும் கட்டத்தைக் காட்டுகிறது. அது விடுபடும்போது வில் திடீரென்று பிரகாசமாகி, திரைகளாக மடிந்து, வானத்தின் குறுக்கே ஓடும். சில நிமிடங்கள் முதல் அரை மணி நேரம் வரை நீடிக்கும். அப்புறம் உடைந்து, ஆங்காங்கே திட்டுத் திட்டாக மங்கி மின்னும். முடிந்துவிட்டது என்று பலரும் வண்டி ஏறுவது இந்த நேரத்தில்தான். ஆனால் கதவு திறந்தே இருந்தால் வால் மறுபடி நிறையும், இரண்டு மூன்று மணி நேரத்தில் அடுத்த வெடிப்பு வரலாம். ஆகவே கிளம்பும் முன் இன்னொரு முறை எல்-1 தகவலைத் திறந்து பாருங்கள். பி-இசட் இன்னும் கழித்தல் பக்கம் இருந்தால், சூடாக ஏதாவது குடித்துவிட்டு அங்கேயே இருங்கள்.